நெற்றி வரைக்கும்

மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே ஆதிகாலம் தொட்டு இருந்துவந்த தூரம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்குக் குருவிநத்தத்தில் ஒழிக்கப்பட்டது. பெண்ணையாற்றங்கரை உழவர் சேவைச் சங்கத்தின் தலைவர் பலராமன் அப்படித்தான் மைக்கில் அறிவித்தார். பழைய செம்புக் கம்பித் தொலைபேசியைக் கழற்றிவிட்டு, இணையத்தின் வழியாகப் பேச்சை அனுப்பும் புதிய அமைப்பு ஒன்றைச் சங்கம் நிறுவியிருந்தது. "இனிமே ஒலகத்துல எந்த மூலைக்கும் நாம இங்கியே குந்திக்கினு பேசலாம்" என்றார். அன்று மதியம் நானூறு அடி தள்ளியிருந்த உரக் கிடங்குக்குப் போட்ட அழைப்பு போகவில்லை. எழுத்தர் புவனேஸ்வரி வாசலுக்கு வந்து, கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள். அது கேட்டது.

தூரத்தை நிஜமாகவே ஒழிக்கவேண்டிய தேவை ஐப்பசியில் சோரியாங்குப்பத்து ரோஸ்லினுக்கு வந்தது.

அவள் புருஷன் அன்புராஜ் வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமில் சமையல்காரன். முந்நூறு பேருக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துபோனது. அதே முகாமில் வண்டி ஓட்டும் ஆரோக்கியம்தான் போனில் சொன்னான். அவனும் சோரியாங்குப்பம்தான், மூன்று வீடு தள்ளி. போன் வந்தபோது ரோஸ்லின் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்து, மீதி மீனையும் ஆய்ந்து, கழுவி, தட்டால் மூடி வைத்தாள். பிறகுதான் அன்புராஜின் அக்கா ஜெயசித்ராவைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை பந்தல் போட்டார்கள். நாற்காலிகள் வந்தன. வந்தவர்கள் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்க மணியைப் பெட்டி வந்த பிறகுதான் அடிப்பது வழக்கம் என்று தேவாலயத்து உபதேசியார் சொல்லிவிட்டார். வீட்டில் அடுப்பு மூட்டலாமா கூடாதா என்பதில் தெருவுக்குள் இரண்டு கட்சி ஆனது.

"பொணம் வூட்டுல இல்ல. அப்ப துக்கமும் இன்னும் வூட்டுக்கு வரலதானே" என்றாள் எதிர்வீட்டுக் கலியம்மாள். "புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. ஒரு கஞ்சி வெச்சா இன்னா."

"பின்ன எங்க இருக்குது துக்கம், ஏர்போர்ட்டுலயா?" என்றாள் ஜெயசித்ரா.

கடைசியில் கலியம்மாள் வீட்டு அடுப்பில் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். ரோஸ்லின் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஜெயசித்ரா அதைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் மறுபடி பேசினான். "அண்ணி, பாடிய ஊருக்கு அனுப்ப பொஞ்சாதி சம்மதம்னு ஒரு லெட்டர் வேணுமாம். பாஸ்போர்ட் நம்பரு, ரெண்டு சாட்சி. போட்டோ இருக்கணும், இல்லனா ஒடம்புல ஒரு அடையாளம் எழுதணும். மெயில் செல்லாதாம், வாட்ஸப்பும் செல்லாதாம். பேக்ஸாதான் வரணுமாம். கவுண்டர்காரரு ஒரே புடியா நிக்கிறாரு."

"பேக்ஸா?" என்றாள் ஜெயசித்ரா, போனைப் பிடுங்கி. "அது இன்னும் உசுரோட இருக்குதா?"

"இங்க இருக்குதுக்கா. வியாழக்கிழமை இவங்களுக்கு ரெண்டு மணி, நமக்கு மூணரை. அதுக்குள்ள வந்துடணும். வெள்ளி லீவு. சனிக்கிழமை கேக்க ஆளில்லாததெல்லாம் இங்கியே பொதைச்சிடுவாங்க."

ரோஸ்லின் அதற்கு மட்டும் வாய் திறந்தாள். "அங்க வேணாம். இங்க கொண்டாரணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனாரும் அவளும் பாகூர் கடைத்தெருவுக்குப் போனார்கள். மூன்று கடைகளின் பலகையில் பேக்ஸ் என்று எழுதியிருந்தது. ஒரு கடையில் அந்த இயந்திரத்தின்மேல் பிளாஸ்டிக் பூத்தொட்டி இருந்தது. இன்னொன்றில் இயந்திரமே இல்லை, பலகையை மாற்ற ஆளில்லை. மூன்றாவது கடைக்காரர்தான் குருவிநத்தம் சங்கத்துக்கு அனுப்பினார்.

சங்கத்துப் பேக்ஸ், தொலைபேசி அமைப்போடு சேர்த்து வாங்கியது. உறை கழற்றாமல், சந்தனம் குங்குமம் வைத்து, தலைவர் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காருங்கள் என்று சொல்ல பலராமன் மறந்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய அப்பாவும் மறதிக்காரர்தான்.

"நம்ம அன்புராஜா?" என்றார். "ரொம்ப நல்ல பையனாச்சே. இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

"சமையலுங்க ஐயா."

"எனக்குத் தெரியும்மா" என்றார் பலராமன்.

"குந்துங்கக்கா" என்று புவனேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரோஸ்லின் உட்கார்ந்துவிட்டாள். ஜெயசித்ரா சுவரில் சாய்ந்து நின்றாள்.

புவனேஸ்வரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "நான் இங்கிலீஷ்ல எழுதிடறன் சார். கையெழுத்துப் போட்டாங்கன்னா இப்பியே அனுப்பிடலாம்."

"வெள்ளப் பேப்பர்லியா?" பலராமன் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிநாட்டுக்குப் போவுதும்மா. இன்னா ஊர்டா இதுன்னு கேப்பான். சங்கத்து லெட்டர்ஹெட்ல போவணும். எம்பளம் வேணும், சீல் வேணும். டெத்து விஷயம், ஒரு மரியாத வேணாமா. அரிகரன்கிட்ட சொல்லி நல்லா டிசைன் பண்ணி வாங்கு."

அரிகரன் பாகூரில் டிடிபி கடை வைத்திருந்தான். சாவு என்று சொல்லி வருகிற எந்த வேலைக்கும் அவன் கணினியில் ஒரே ஒரு மாதிரி வடிவம்தான் உண்டு. வானம், மேகம், மேகத்தைப் பிளந்து வரும் ஒளிக்கதிர், இரண்டு மூலையிலும் எரியும் விளக்கு, உதிரும் ரோஜா இதழ்கள். சுற்றுவட்டாரத்தில் செத்த எல்லோரும் அந்த மேகத்துக்குள்தான் போயிருந்தார்கள். இவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்பதால் விளக்கை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தி வைத்தான். மேலே "கண்ணீர் அஞ்சலி" இருந்த இடத்தில் ஒப்புதல் கடிதம் என்று ஆங்கிலத்தில் போட்டான். லுங்கியோடு இருந்த அன்புராஜின் படத்தில் தலையை மட்டும் வெட்டி, ஒரு கோட்டு சூட்டுக்குள் நட்டான். ஒப்புதல் வாசகம் இதழ்களுக்கு அடியில் வந்தது. இடது மேல் மூலையில் சங்கத் தலைவர் பலராமனின் படம். அது எல்லா வேலையிலும் வரும். யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு ரோஸ்லின் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். மேகத்துக்கு மேலே எழுதுவதால் மை தெரியவில்லை. பேனாவை அழுத்தி இரண்டாவது தடவை போட்டாள். பலராமன் தாமே பொத்தானை அழுத்தினார். இயந்திரம் கூவியது, கரகரத்தது, தாளை மெதுவாக உள்ளே இழுத்தது. பாதித் தாள் போனதும் நின்று, பிழை என்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது.

ரோஸ்லினின் போனில் ஆரோக்கியம் ஆஸ்பத்திரிக் கவுண்டரிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வந்துச்சாடா?" என்றாள் ஜெயசித்ரா.

"வந்துச்சிக்கா. யாரோ ஒருத்தரு மீசையோட முழுசா வந்துட்டாரு. அப்புறம் மேகம். அப்புறம் அண்ணன் நெத்தி. அதோட நின்னுபோச்சி."

"யாரு மீசையோட?"

"தெரியலக்கா. இவருதான் டெட்பாடியான்னு இங்க கேக்கறாங்க."

புவனேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பலராமன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். "லைன்ல நாய்ஸ்" என்றார். "மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். சில தடவை எதுவுமே போகவில்லை. சில தடவை போனது. போனபோதெல்லாம் நெற்றி வரைக்கும்தான் போனது. மதியத்துக்குள் அந்த ஆஸ்பத்திரியில் பலராமன் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள். வெளியே தூறல் பிடித்து, கிடங்கு வாசலில் இறக்கிய யூரியா மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் தொலைபேசி அமைப்பு கண் விழிக்கக் கால்மணி எடுத்தது. புவனேஸ்வரி டீயும் பன்னும் வரவழைத்தாள். ரோஸ்லின் பன்னைத் தின்று, கையைத் தட்டிக்கொண்டு, "இன்னொன்னு இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலயே ஒனக்கு" என்றாள் ஜெயசித்ரா மெதுவாக.

"வரும்க்கா" என்றாள் ரோஸ்லின். "பசிக்குது."

பேசினால் தெளிவாகக் கேட்கிறதே, எழுத்து ஏன் போக மாட்டேனென்கிறது என்று பலராமனுக்கு விளங்கவில்லை. அமைப்பைப் பொருத்திய வில்லியனூர் ஆள் குழந்தைவேலுக்குப் போன் போட்டார். திருபுவனையில் வேலையாக இருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்றான் அவன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால் பந்தல்காரன் துணியை மடித்துக்கொண்டிருந்தான். "பாகூர்ல ஒரு காதுகுத்துக்கா" என்றான் ஜெயசித்ராவிடம். "கம்பத்த உட்டுட்டுப் போறன். பாடி வந்தா ஒரு போன் பண்ணுங்க, அர மணியில கட்டிடறன்."

வியாழக்கிழமை குழந்தைவேல் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். தலையைத் துவட்டிக்கொண்டே அந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கு ஒரு அழைப்புப் போட்டு, மறுமுனையில் ஒலித்த கூவலைக் காது கொடுத்துக் கேட்டான். மடிக்கணினியைத் திறந்தான்.

"இது பேச்சு போறதுக்குப் போட்ட வழி சார்" என்றான். "பேச்சத் துண்டு துண்டா வெட்டி அனுப்புது. நடுவுல ரெண்டு துண்டு வுழுந்துட்டா நம்ம காது ரொப்பிக்கும். பேக்ஸுக்குக் காது இல்ல. ஒரு துண்டு காணலன்னாலும் உக்காந்துடும்."

"அன்னிக்கு நீ சொல்லலியே" என்றார் பலராமன்.

"அன்னிக்கு நீங்க மைக்க உடலியே சார்."

புவனேஸ்வரி இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"பேக்ஸுக்குன்னு தனி வழி ஒண்ணு இருக்குது. பேக்ஸ் சத்தம் கேட்டதும் அதுக்கு மாறிக்கலாமான்னு நம்ம சிஸ்டம் கேக்குது. ஆசுபத்திரி சிஸ்டம் வேற கம்பெனி. சரின்னு சொல்லுது, மாற மாட்டுது. இவன் பைபாஸ்ல போயிக்கினு இருக்கான், அவன் ஊருக்குள்ள நிக்கிறான். அத நிறுத்திடறன். வேகத்தையும் கொறைக்கிறன். மெதுவா போனா செதறாது."

நிறுத்தினான், குறைத்தான். தாளை வைத்தார்கள். இயந்திரம் முன்னிலும் நிதானமாக இழுத்தது. நின்றது. பிழை.

"இந்தத் தடவ நெத்திகூட வரல" என்றான் ஆரோக்கியம் போனில். "மீசக்காரரும் மேகமுந்தான். ஆனா மேகம் நல்லா தெளிவா இருக்குது."

குழந்தைவேல் இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையே பார்த்தான். அது அறுந்ததும் தலையாட்டினான்.

"கரெக்டா நாலு நிமிஷம். நடுவுல லைன் குடுக்கறவன் சிஸ்டம் நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா, இருக்கியான்னு நம்ம பொட்டியக் கேக்கும். நம்ம பொட்டி பதில் சொல்லல. செத்துட்டான்னு நெனச்சி வெட்டி உட்டுடறான்."

அறையில் இருந்தவர்கள் ரோஸ்லினைப் பார்த்தார்கள். அவள் இயந்திரத்தின் மேலிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதச் சரி பண்ணு" என்றார் பலராமன்.

"அவங்க பக்கம் மாத்தணும் சார். புகார் எழுதினா ரெண்டு நாளு."

"மணி ரெண்டே முக்காலு" என்றாள் ஜெயசித்ரா. சுவரை விட்டு வந்து, அவளும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "வேற வழி இருந்தா சொல்லுப்பா."

குழந்தைவேல் அப்போதுதான் இயந்திரத்திலிருந்து தாளை உருவி, திருப்பிப் பார்த்தான். சிறிது நேரம் பார்த்தான்.

"இன்னா சார் இது, பேனரா?"

"லெட்டரு" என்றார் பலராமன்.

"வெறும் வெள்ளையா இருக்கற எடத்த மெஷின் ஒரே தாவா தாவிடும் சார். இந்த மாதிரி பொடிப்பொடியா சாம்பக் கலர் இருந்தா, ஒவ்வொரு பொடிக்கும் கறுப்பு, வெள்ள, கறுப்பு, வெள்ளன்னு சொல்லிக்கினே போவணும். இந்த மேகமே ஏழு நிமிஷம். நாலு நிமிஷத்துக்குள்ள எப்பிடி கரையேறும்?"

பலராமன் தாளை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "மேகத்த மட்டும் எடுத்துடலாமா?"

"எல்லாத்தையும் எடுக்கணும் சார்."

"என்து சின்ன போட்டோதான்."

"அதுவே ஒரு நிமிஷம் சார்."

"எம்பளம்?"

குழந்தைவேல் மழைக்கோட்டை உதறினான். புவனேஸ்வரி யாரையும் கேட்காமல் மேசையறையை இழுத்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். எழுத ஆரம்பித்தாள். ரோஸ்லின், கணவர் அன்புராஜ், உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பச் சம்மதம். பாஸ்போர்ட் எண் டிசைன் தாளில் இருந்தது. அதில் அரிகரன் ஒரு எழுத்தை விட்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. "ஜெராக்ஸு வூட்டுல இருக்குது" என்று ஜெயசித்ரா எழுந்தாள். வீட்டுக்கு இருந்த ஒரே போன் இங்கே ஆரோக்கியத்தோடு இணைப்பில் இருந்ததால், வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவும் முடியாது. குழந்தைவேல் வண்டியை எடுத்தான். சோரியாங்குப்பத்துக்கு மழையில் போய்வர கால்மணி. ஜெயசித்ரா பின்னால் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள்.

"போட்டோ போவாதுக்கா" என்றாள் புவனேஸ்வரி ரோஸ்லினிடம். "அதுக்குப் பதிலா ஒடம்புல ஒரு அடையாளம் எழுதணும். மச்சம், தழும்பு, எதுனா சொல்லுங்க."

ரோஸ்லின் யோசித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மாதம் இருப்பான். கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. மச்சம் இருந்திருக்கும். முதுகில் ஒன்று இருந்ததா, அது அவளுடைய தம்பிக்கு இருந்ததா என்று பிடிபடவில்லை.

"ஒரு தழும்பு" என்றாள். "எண்ண கொட்டினது. போன வருசம், பூரி சுடும்போது. கையில இம்மாந்நீளத்துக்கு."

"எந்தக் கை?"

அந்தத் தழும்பை அவள் போன் வீடியோவில்தான் பார்த்திருந்தாள். காயம் பச்சையாக இருந்தபோது ஒரு நாள், கட்டு பிரித்த பிறகு ஒரு நாள், வெளுத்துப்போன பிறகு எத்தனையோ நாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்துக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டுவான். ரோஸ்லின் சுவரைப் பார்த்து, அங்கே போனும் அதில் எதிரே அவன் முகமும் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு, தழும்பு எந்தப் பக்கம் தெரியும் என்று பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கினாள்.

"வலது" என்றாள்.

"நல்லா தெரியுமாக்கா?"

"வலதுதான்."

புவனேஸ்வரி எழுதினாள். பலராமன் குனிந்து, "ரைட் ஹேண்டுன்னு நல்லா பெருசா போடு" என்றார். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

மூன்றே காலுக்கு ஜெயசித்ரா நனைந்து வந்து சேர்ந்தாள். பாஸ்போர்ட் எண்ணை எழுதினார்கள். சாட்சி இடத்தில் குழந்தைவேலும் புவனேஸ்வரியும் கையெழுத்துப் போட்டார்கள். ரோஸ்லின் போட்ட கையெழுத்து இந்தத் தடவை தெரிந்தது. தாள் உள்ளே போய் வெளியே விழ ஐம்பது நொடி. இயந்திரம் துண்டுச் சீட்டைத் துப்பியது. அதில் சரி என்று இருந்தது.

"வந்துடுச்சிண்ணி" என்றான் ஆரோக்கியம். "முழுசா வந்துடுச்சி. கவுண்டர்காரரு சீல் வெச்சிட்டாரு."

"படிச்சிப் பாத்தாரா?" என்றாள் ஜெயசித்ரா.

"பாக்கல. பேப்பர் ஃபுல்லா இருக்குதான்னு பாத்தாரு, வெச்சிட்டாரு."

பலராமன் நாற்காலியில் சாய்ந்தார். "நம்ம சிஸ்டம்" என்று தொடங்கி, குழந்தைவேலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவன் ஊரில் இல்லாதபோது அதை முழுமையாகச் சொன்னார். கடல் கடந்து ஒரு ஏழைத் தொழிலாளியின் உடலை மீட்ட சங்கம் என்று அரிகரனிடம் ஒரு பேனர் சொல்லப்பட்டது. வானமும் மேகமும் அவனிடம் தயாராகவே இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையிலிருந்து பெட்டி வந்தது. பந்தல்காரன் சொன்னபடி அரை மணியில் துணியைக் கட்டினான். கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. கலியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். நாற்றம் இல்லை, மருந்து போட்டிருக்கிறார்கள், ஒரு பத்து நிமிடம் திறக்கலாம் என்று உபதேசியார் சொன்னார். நான்கு பக்கமும் ஆணி பிடுங்கினார்கள். வெள்ளைத் துணிக்குள் அன்புராஜ் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சிறுத்து இருந்தான்.

"கையில ஜெபமாலைய சுத்து" என்று ஜெயசித்ரா மாலையை ரோஸ்லினிடம் கொடுத்தாள்.

ரோஸ்லின் துணியை விலக்கி, வலது கையை எடுத்தாள். கனமாக இருந்தது. புரட்டிப் பார்த்தாள். மேலே முழங்கை வரை தடவினாள். பிறகு மற்றக் கையை எடுத்தாள். ஜெயசித்ராவும் குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தழும்பு இடது கையில் இருந்தது.